நல்லா இழுத்து உடு

குக்கரை இறக்கி வைத்து அரைமணி நேரம் ஆகியும் சமையலறையில் விசில் நிற்கவில்லை. மெலிதாக, விட்டு விட்டு வந்தது. தனப்பிரியா அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். சத்தமும் அடங்கியது.

வந்துவிட்டது சனியன். மதியத்திலிருந்து பக்கத்துக் கொட்டகையில் கோழித்தீவனம் அரைக்கிறார்கள். மக்காச்சோளத் தூசியும் கருவாட்டுத் தூளின் வீச்சமும் கதவிடுக்கு, ஜன்னல் வலை, கொடியில் காய்ந்த சேலை என்று எல்லாவற்றிலும் ஏறி, சாயங்கால வெயிலில் வீடு முழுக்க மஞ்சளாக மிதந்தன. மூச்சிரைக்கும் பெண்ணுக்கு மல்லசமுத்திரத்தில் கோழிப்பண்ணைக்கார வீடாகப் பார்த்துப் பிடித்தார்கள். "எளப்புன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? ஆருக்கும் தெரியாம அடிச்சுக்க சாமி" என்று அம்மா முகூர்த்தத்தன்று இன்ஹேலரைக் கையில் திணித்தாள். பெற்றவள் கொடுத்த சீர் அது. ஒன்றரை வருடமாகக் கொள்ளு டப்பாவின் அடியில் அதை ஒளித்து வைத்திருந்தாள்.

டப்பாவைக் கவிழ்த்தாள். கொள்ளு மட்டும் சிதறி ஓடியது.

"அதையா தேடற?"

வாசற்படியில் கணவன் ஜெகதீஸ்வரன். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. முகத்தில் அத்தனை கனிவு.

"கட்டுனவங்கிட்ட எதுக்கு சாமி ஒளிக்கோணும்? காலைலயே கெணத்துல வீசிட்டேன். பழகுனா உடாதாமா அது. மூச்சுப் பயிற்சி செஞ்சா சரியாப் போயிரும், போன்ல பாத்தேன். உக்காரு."

"ஏனுங்க... ஆஸ்பத்திரி..."

"தங்கச்சிக்கு மாப்பள பாக்கற நேரம். நம்மூட்டு எளப்பு ஊருக்கெல்லாம் தெரியோணுமா? நல்லா இழுத்து உடு."

கல்யாணத்துக்கு முன் திருச்செங்கோட்டு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியிருந்தாள். மூச்சுக்குழாயைச் சுற்றி ஒரு தசை. மற்றவர்களுக்கு நன்றாக இழுத்து மூச்சுவிட்டால் அது தளர்ந்து கொடுக்கும். உனக்கு அப்படித் தளராது, இளைப்பு வந்த நேரத்தில் இழுக்க இழுக்க இன்னும் இறுகலாம், மருந்துதான் முதலில். விசில் கேட்கும்வரை காற்று போகிறது என்று வைத்துக்கொள். இளைக்கும்போதே அது கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

இவ்வளவையும் சொல்ல இப்போது அவளிடம் காற்றில்லை. ஒன்றரை வருடம் இருந்தது. அப்போது சொல்லவில்லை.

"வேண்டாங்க."

"எனக்காக. ஒரே ஒரு தடவை."

இழுத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள். அது இறுக்கியது. அது வெளியிலிருந்து வந்ததில்லை. அவளுடைய சதைதான். அவள் சோறு போட்டு வளர்த்த சதை.

தீவன மெஷின் நின்றது. பண்ணையில் விளக்குகள் எரிந்தன. வீட்டில் விசில் மட்டும்.

எழப் பார்த்தாள். தோளை அழுத்தி உட்காரவைத்தான். அன்பாகத்தான்.

"இழு."

விசில் மெலிந்தது.

"உடு."

இன்னும் மெலிந்தது.

"இழு."

ஜெகதீஸ்வரன் அவள் முதுகில் காதை வைத்தான். வெகுநேரம் கேட்டான். நிமிர்ந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தியா சாமி? சத்தமே இல்ல. நின்னுபோச்சு."

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அவன் சட்டையைப் பற்றியிருந்த விரல்களில் நகங்கள் நீலமாகியிருந்தன. அவன் சிரித்துக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இன்னும் ஒரு தடவை," என்றான். "நல்லா இழு."