தோல்விப் பதியம்

ஆட்டத்தை ஜெயித்தவள் பூங்கோதை. விசில் ஊதியதும் எல்லோரும் ஓடியது தோற்றவளிடம்.

பதியம் எடுக்கும் பதியர் கதிரேசன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினார். வியர்வை உலர்வதற்குள் தோற்ற ஸ்டெல்லாவின் தலையில் பதியத்தொப்பி ஏறியாக வேண்டும். அதற்குள் ஸ்டெல்லா நடுக்கோட்டைத் தாண்டி வந்து, பூங்கோதையின் கையைப் பிடித்து, "நல்லாக் கபடி பாடிட்டுப் போன பிள்ள" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய அந்தக் கபடி விடுதியில் ஜெயிப்பவளுக்கு மதிப்பில்லை. நாடு அவ்வளவு புத்திசாலியாகிவிட்டது. விளையாட்டால் பிள்ளைகளுக்கு வரும் பக்குவம்தான் வேண்டும், விளையாட்டு எதற்கு என்று யாரோ ஒரு மேதாவி கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. ஒரு செடியின் கிளையிலிருந்து இன்னொரு செடி எடுப்பதுபோல, ஆடியவள் மனத்திலிருந்து பாடத்தை மட்டும் எடுத்து ஆடாதவள் மனத்தில் ஊன்றும் பாடப்பதியம் வந்தது. ஆட்டத்தின் நினைவும் ஆட்களின் முகமும் அங்கே போகாது. உணர்ச்சியும் பழக்கமும் மட்டும் போகும். தோல்வியைத் தாங்கத் தெரிய ஒரு பிள்ளை பத்து வருஷம் மண்ணில் விழுந்து எழ வேண்டியதில்லை. அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். பள்ளி மைதானங்களில் கட்டடங்கள் எழுந்தன. பதியம் எடுப்பதற்காக இப்படிச் சில விடுதிகளில் மட்டும் பிள்ளைகளை ஆடவிட்டார்கள்.

அதிலும் வெற்றிப் பதியத்தை யாரும் சீந்துவதில்லை. அதை ஊன்றிக்கொண்ட பிள்ளைகள் வீட்டில் அடங்க மாட்டேன் என்கிறார்களாம். தோல்விப் பதியத்துக்குத்தான் கிராக்கி.

இப்போது அதற்கும் முடிவு வந்துவிட்டது. நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தாய்ப்பதியம் என்று உத்தரவு. யாருடைய பதியம் தேறுகிறதோ அவள் தேசியப் பயிற்சி மையத்துக்குப் போவாள், ஆயுசுக்கும் ஆடலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், விடுதியை மூடிவிடுவார்கள். பூங்கோதைக்கு ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

அவள் தோற்றுக்கூடப் பார்த்தாள். போன வாரம் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டு, எழுந்து, ஸ்டெல்லாவைப் போலவே சிரித்தாள். பக்குவத்தை அளக்க மணிக்கட்டில் கட்டும் பக்குவமானியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நடிக்காதம்மா, மிஷினுக்குத் தெரியும்" என்றார் கதிரேசன்.

அவமானம் பிடுங்கித் தின்றது. என்னைவிடக் கனத்த கால், என்னைவிடக் குறைந்த மூச்சு, இவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலும் அதே யோசனை. கடைசியில் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி தோன்றியது. எந்தப் பதியத்தையும் வெளியே அனுப்புமுன் ஒருவருக்கு ஊன்றிச் சோதித்து, அவர் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது சட்டம். பூங்கோதை நேரே கதிரேசனிடம் போய் நின்றாள்.

"ஸ்டெல்லா பதியத்துக்கு நான் ருசி பார்க்கேன் சார்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? உனக்குத்தான் அவளக் கண்டாலே ஆகாதே."

"அதனாலதான் சார். எனக்கே பிடிச்சிட்டுன்னா பின்ன யாரு குறை சொல்லப்போறா?"

அவருக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. தொப்பியை மாட்டும்போது சொன்னார்: "உணர்ச்சி உடனே இறங்கிரும். பழக்கம் வேர்பிடிக்க ஒரு ராத்திரி ஆகும். நாளைக்குக் காலையில அதிகாரி மேடம் வந்து கேப்பாங்க."

கண்ணை மூடித் திறந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அமைதி வரும், பெருந்தன்மை வரும் என்று காத்திருந்தாள். எதிர்ச்சுவர்த் திரையில் அன்றைய ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி போனஸ் கோட்டை எட்டித் தொட்டு, இரண்டு பேர் கைக்குள் சிக்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பினாள். பூங்கோதையின் வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அந்தக் கால் எனக்கு ஏன் இல்லை? அந்த மூச்சை எனக்கு ஏன் கொடுக்கவில்லை? இவள் ஒரு தடவை விழுந்து முட்டியை உடைத்துக்கொள்ள மாட்டாளா?

திரையில் இருந்தவள் பூங்கோதைதான்.

அவள் தன் கால்களையே குனிந்து பார்த்தாள். அவற்றின்மீது அப்படி ஒரு பொறாமை பொங்கி வந்தது. தன் பொறாமையே பெரிது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவளுக்கு, ஸ்டெல்லாவின் பொறாமை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று புரிந்தது.

ஸ்டெல்லா தண்ணீர்க் குழாயடியில் முட்டியுறையை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்கு எம்மேல இவ்வளவா?" என்றாள் பூங்கோதை.

ஸ்டெல்லாவின் கை நின்றது. மறைக்கவில்லை. "ருசி பாத்துட்டியா? இருக்கத்தான் செய்யும். நீ வந்த அன்னையில இருந்து எனக்கு நிம்மதியா ஒரு சோறு இறங்கல."

"பின்ன எதுக்குச் சிரிச்ச?"

"உனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுல்லா. எரியுதுன்னு தெரிஞ்சா நீ சந்தோசப்படுவ. அந்தச் சந்தோசத்த உனக்கு ஏன் கொடுக்கணும்?" ஸ்டெல்லா முட்டியுறையைப் பிழிந்தாள். "சிரிச்சுச் சிரிச்சு இப்பத் தன்னாலயே வருது. மிஷினு அதத்தான் பாக்குது. அதுக்குப் பேரு பக்குவமாம்."

பூங்கோதைக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, வெட்கமில்லாமல்.

"இத எப்படிட்டி தாங்குத?"

"தாங்கவா? விடியுமுன்ன எந்திரிச்சு ஓடுவேன். உன்ன மாதிரிக் கால் வரலைன்னாலும் நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்லன்னு வரும். அப்பத்தான் கொஞ்சம் ஆறும். நெசமான பாடம்னா அதுதான் பிள்ள. அத எவன் எடுத்தான்? தோத்த நிமிசத்துல தொப்பிய மாட்டி எரிச்சலையும் சிரிப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க?"

"வயிறு எரியும். சிரிக்கும். ஓடித் தீக்க அதுகளுக்கு மைதானம் எங்க இருக்கு?" ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "நாளைக்கு மேடத்துட்ட சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய் வரல, எத்தனையோ தடவ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். நீ சொன்னா என் பதியம் தேறாது, அடுத்தாப்ல உனக்குத்தான் அந்த இடம் வரும். எனக்கு எரியத்தான் செய்யும். இருந்தாலும் சொல்லிரு."

சொல்லிவிடுவது என்று பூங்கோதை முடிவு செய்தாள். பிள்ளைகளும் தப்பிப்பார்கள், இடமும் கிடைக்கும். அத்தனை தெளிவாக எதையும் அவள் அதற்கு முன் முடிவு செய்ததில்லை. நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அதிகாரி வந்தார். பெயர் மனோன்மணி, கண்ணாடிக்குப் பின்னால் கனிவான கண்கள். அவருக்கு ஒருபுறம் ஸ்டெல்லா, மறுபுறம் கதிரேசன். பூங்கோதையின் மணிக்கட்டில் பக்குவமானியைக் கட்டினார்கள்.

"எப்படிம்மா இருந்துச்சு? உள்ளத உள்ளபடி சொல்லு. சரியில்லைன்னு நீ சொன்னா இப்பவே அழிச்சிருவோம்" என்றார் மனோன்மணி.

பூங்கோதை வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இது பக்குவமில்லை மேடம், வெறும் பொறாமை. அவ்வளவுதான், ஒரே வரி. எதிரே ஸ்டெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்று தோன்றிய நொடியில் பூங்கோதையின் உதடுகள் தாமாக விரிந்தன. கை நீண்டு போய் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். இவளவிட இதுக்குப் பொருத்தமான ஆள் கிடையாது" என்றது அவள் வாய்.

மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே அடிவயிறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கத்தப் பார்த்தாள். சிரிப்புதான் இன்னும் கொஞ்சம் அழகாக விரிந்தது. ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியது. ஆனால் அவளுக்கும் சிரிக்கத்தான் வந்தது.

மனோன்மணிக்கு மனம் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா கதிரேசன்? ஸ்டெல்லா பதியத்த இதுக்கு முன்ன ருசி பாத்த அத்தனை பேரும் இப்படியே சிரிச்சிக்கிட்டு, இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லல" என்று சொல்லி, பள்ளிகளுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.