ஏழாம் பதியம்

காலையில் ஆறாக இருந்த கற்கள் பிற்பகலில் ஏழாகியிருந்தன.

நாற்றுப்பண்ணைக்காரிக்கு முதலில் மகிழ்ச்சிதான். வாதம் தாக்கி இடப்பக்கம் மரத்துப்போன அவள் கணவர், மூன்று மாதமாகப் பகல் பொழுதெல்லாம் காகிதப்பூப் பந்தலின் கீழ், கட்டிலில் கிடந்தார். தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, நடுவில் மோதிர அகலத்துக்குப் பட்டையைச் சீவி, சீவிய இடத்தை மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு, மேலே ஒரு கல்லைப் பாரமாக வைத்தால் அது பதியம். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கட்டிலைவிட்டு மெல்ல ஊர்ந்து இறங்கி, நல்ல கையால் ஒளிந்து ஒளிந்து பழகிப் பார்க்கிறார் போலும் என்று எண்ணினாள். கேட்டால் கூசிப்போய் நிறுத்திவிடுவார். மற்றொரு கைக்கும் உயிர் வந்துவிட்டால் போதும் என்று, பத்து நாளாய்க் கண்டும் காணாமல் இருந்தாள்.

நான்கு மணிக்குக் கடற்காற்று நின்றது. மட்கிய இலையின் புளித்த வாடையும் உப்பின் ஈரமும் பந்தலுக்குள் தேங்கி நிற்க, ஓர் இலைகூட அசையாத அந்தப் புழுக்கத்தில், மண்ணை யாரோ விரலால் பொறுமையாகக் கிளறுவது போன்ற சரசரப்பு, தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவள் காதுவரை வந்தது.

"என்ன மேஸ்திரி, கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்தபடி வந்தாள்.

"எதுல?"

"பதியத்துலதான். எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?"

கோணிய வாயால் அவரும் சிரித்தார். "அடிப்பாவி! நான் கண்ணசர்ற நேரம் பாத்து நீயில்ல போடுற? என்னை வெறுப்பேத்தத்தான் பண்றியோன்னு நானும் வாயத் தொறக்கல. ஆனா சும்மா சொல்லக்கூடாது, சீவல் சுத்தம்."

"நானா? நான் கத்தியத் தொட்டே மாசக்கணக்காச்சுங்க."

சிரிப்பு இருவரிடமும் ஒருசேர நின்றது. வீட்டில் வேறு யாருமில்லை. வெளிக்கதவின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

அப்போதுதான் அவள் கற்களை வரிசையாகப் பார்த்தாள். முதல் கல் வேலியோரம். அடுத்தது அதற்கு இப்பால். ஒவ்வொன்றும் ஓரடி நெருங்கி, நேராகக் கட்டிலை நோக்கி வந்திருந்தது. ஏழாவது, கட்டில் காலருகே, தொங்கும் விரிப்பின் நிழலில் பாதி மறைந்திருந்தது.

ஆறு கற்களுக்கும் மேலிருந்து கிளை இறங்கியிருந்தது. ஏழாவதற்குக் கிளை இல்லை.

"என்னங்க... இடது கைய மேல தூக்குங்க."

"அது எங்க கெடக்குன்னே எனக்குத் தெரியாதேடி. நீதானே எடுத்து வைப்ப."

மண்டியிட்டாள். விரிப்பை விலக்கினாள்.

முழங்கை. அதன் கீழே மணிக்கட்டு. அதைச் சுற்றி, மோதிர அகலத்துக்குத் தோல் இல்லை. சுத்தமான சீவல். ஒரு சொட்டு இரத்தமில்லை. சீவிய இடத்தின் கீழ்ப்பாதி மண்ணுக்குள்.

கல்லைத் தள்ளினாள். வெள்ளை வேர்கள். மயிரிழை போல.

கையைப் பிடித்து இழுத்தாள்.

பந்தல் முழுவதும் அதிர்ந்தது.

"யாருடி அது, பந்தலைப் புடிச்சு ஆட்டுறது?" என்றார் அவர்.

கல் இருந்த குழிக்கு அப்பால், மண்ணைவிட்டு வெளியே, அவருடைய விரல்கள் நிமிர்ந்து நின்றன.

ஐந்து அல்ல. ஆறு.

ஆறாவது தளிர்ச் சிவப்பு. நகம் இன்னும் வரவில்லை. காற்றில்லாத அந்தப் பந்தலடியில், அது மெல்ல, மிக மெல்ல, வெளிச்சம் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.