கிணற்றடியில் எண்ணெய்ப் பிணம்

டெலிபோன் அலறியது.

சாரிபுலாக் கிராமத்தின் ஒரே போலீஸ்காரன் எர்மெக், குடித்துக்கொண்டிருந்த ஒட்டகப்பாலைக் கீழே வைத்தான்.

"தம்பி... ஷொல்பான் பேசறேன். கிணத்தடிக்கு வா. துலேகென் விழுந்து கிடக்கிறான்."

"குடிச்சிட்டா?"

"செத்துட்டு."

ஓடினான்.

துலேகென் எண்ணெய் வயலில் டேங்கர் ஓட்டியவன். கம்பெனி கழிவை எங்கே கொட்டுகிறது, கிணற்று நீர் ஏன் கசக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

இப்போது அவன் வாய் நிறைய கறுப்பு எண்ணெய்.

"கம்பெனி கழிவுக் குழியில முக்கிக் கொன்னுருக்காங்க அக்கா. நம்ம வாயையும் மூடத்தான் இங்க கொண்டுவந்து போட்டிருக்காங்க."

ஒட்டகம் மேய்க்கும் ஷொல்பான் குரலைத் தாழ்த்தினாள்.

"விடியறப்ப ஒரு ஜீப் வந்துச்சு, தம்பி. இறக்கிப் போட்டவன் மூஞ்சி தெரியல. ஆனா ஜீப்பை எங்க பார்த்தாலும் சொல்லிடுவேன்."

எர்மெக் கம்பெனி கேட்டுக்குப் போனான். காவலாளி கதவைத் திறக்கவில்லை.

"கொலை நடந்திருக்குப்பா."

"பிணம் எங்க கிடக்கு?"

"ஊர்ல."

"அப்ப ஊர்ல போய்த் தேடு."

திரும்பி வந்தான். துலேகெனின் மனைவி புருஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் வழிந்தது.

"உன்னால என்ன பண்ண முடியும், எர்மெக்?"



மிச்சமிருந்தது ஒரே ஆள். மாவட்ட போலீஸ் அதிகாரி கைரோல்லா. எர்மெக்கை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். போனில் எல்லாவற்றையும் கொட்டினான்.

"சாட்சி இருக்கா?"

"இருக்கு சார். ஷொல்பான்னு ஒருத்தங்க."

"வேற யார்கிட்டயும் சொல்லாதே. நானே வர்றேன்."

எர்மெக்குக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மதியத்துக்குள் வந்துவிட்டார். முதலில் கையை நீட்டினார்.

"உன் துப்பாக்கியைக் குடு. செத்தவன் உன் ஊர்க்காரன். ஆத்திரத்துல ஏதாவது பண்ணிடப் போறே."

கொடுத்தான். அவர் அதை டிரைவரிடம் தந்தார்.

"அந்தம்மாவைக் கூப்பிடு. டவுன்ல பத்திரமா வச்சுக்கறேன்."

ஷொல்பான் மூட்டையோடு வந்தாள். வாசலில் நின்ற கைரோல்லாவின் வண்டியைப் பார்த்தாள்... மூட்டை நழுவியது. எர்மெக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி... இதே ஜீப்புதான்."

அவன் கை இடுப்புக்குத் தாவியது. உறை காலி. அவனுடைய துப்பாக்கியே டிரைவர் கையிலிருந்து அவனைப் பார்த்தது.

"சார்... இவங்க எதையும் பாக்கல சார். நான்தான் தப்பா சொல்லிட்டேன். விட்டுடுங்க சார்..."

கைரோல்லா பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறும்மா. தெரிஞ்ச வண்டிதானே."