அமுக்கி வைக்கும் சோதனை

மிஷின் சத்தம் சரியில்லை என்று நிருபமாவுக்குப் பட்டது.

காலையிலிருந்து சீராக ஓடிக்கொண்டிருந்ததுதான். லிஃப்ட் பிரேக்குக்கான ஸ்பிரிங், முதல் சாம்பிள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரும்புத் தலை ஒன்று உஸ்ஸென்று இறங்கி அதை அமுக்கும், உஸ்ஸென்று ஏறி விடும். ஆனால் ஆடுகோடிப் பகுதி முழுக்க மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தில், எண்ணெய் வாடையும் ஈர மண் வாடையும் கலந்த பட்டறைக்குள், அந்த உஸ்ஸுக்கும் உஸ்ஸுக்கும் நடுவில் ஏதோ ஒரு தயக்கம் கேட்டது.

"மேடம், டீ வாங்கிட்டு வர்றேன். மழை ஜோரா வரும் போல" என்றார் ஆப்பரேட்டர் முனிகிருஷ்ணன்.

"அண்ணா... இந்த... மிஷின்..."

"என்ன மேடம், இப்படி மூச்சு வாங்குது? சும்னே டென்ஷன் ஆகாதீங்க. நாளைக்கு அப்ரூவல் வந்துடும், நாளன்னிக்கே புரொடக்‌ஷன்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரும்புத் தலை இறங்கும்போது மட்டும்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. ஏறும்போது மூச்சு தானாக உள்ளே போனது. சீ, பிரமை என்று தன்னையே திட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மூச்சும் மெதுவாயிற்று. கூட்டினாள். நாய் மாதிரி இரைத்தது. பயந்துபோய்ப் பழைய வேகத்துக்கே திருப்பினாள். தலை இறங்கும்போது வீம்புக்கு மூச்சை இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை.

அப்போதுதான் அடுத்த கட்டம் நினைவுக்கு வந்தது. சோதனைத் திட்டம் போட்டவளே அவள்தான். ஏற்றி இறக்குவது முடிந்ததும் ஸ்பிரிங்கை முழுசாக அமுக்கி, நாளைக் காலை வரை அப்படியே வைத்திருக்க வேண்டும், நீளம் குறைகிறதா என்று பார்க்க. ஐயோ, காலை வரைக்கும்.

திரையில் மீதி எண்ணிக்கை கரைந்துகொண்டே வந்தது.

ஓடும்போது கூண்டு திறக்காது. தலை மேலே இருக்கும்போது நிறுத்தி, ஸ்பிரிங்கை உருவி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தாள். தலை இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது...

அழுத்தினாள்.

நின்றது. மேலேயே.

நெஞ்சு நிறையக் காற்று. வெளியே விட முடியவில்லை. கூண்டின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் வழுக்கின. கண் இருட்டியது. பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். கத்தக்கூட முடியவில்லை.

பின்னால் கதவு திறந்தது. டீ வாசம். முனிகிருஷ்ணன் அவளைப் பார்க்கவில்லை, நின்றுபோன மிஷினைத்தான் பார்த்தார்.

"ஆயிடுச்சா மேடம்? அப்ப நானே அமுக்கி வெச்சிடறேன்."

வேண்டாம். வேண்டாம் அண்ணா. உதடுகூட அசையவில்லை.

தலை மெதுவாக இறங்கியது. அவள் வாய் வழியே மொத்த மூச்சும் நீளமாக வெளியேறியது.

"அப்பாடான்னு இருக்குல்ல மேடம்?" அவர் முதுகைக் காட்டியபடியே கூண்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "பைக் மழையில நிக்குது, உள்ள தள்ளிட்டு வந்துடறேன். டீ ஆறிடப் போகுது, குடிங்க."

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குள் ஸ்பிரிங் சுருளோடு சுருள் ஒட்டிக் கிடந்தது. எதிரே அவள், வாய் திறந்தபடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.