என் பையை மட்டும் ஏன் திறந்தீர்கள்?

என் பெயர் இசைப்பிரியா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். நான் திருடி இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மனிதர் என்னைத் திருடி என்று நினைத்தார். மனசுக்குள் நினைத்திருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். எல்லாரும் பார்க்க என் பள்ளிக்கூடப் பையைத் திறந்து கொட்டினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் சிங்காரவேலு அங்கிள். என் தோழி நந்தினியின் அப்பா. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடு. மைன்ஸில் மலை மாதிரி இருக்கிற மெஷினை ஓட்டுகிறவர்.

எங்கள் வீடு பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிறது. அம்மா டவுன்ஷிப் பார்க்கில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நந்தினி வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பேன். வேலை முடிந்து அம்மா சைக்கிளில் வந்து அழைத்துப் போவாள்.

அங்கிளுக்குத் தோட்டம் என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, முள்ளங்கி, பந்தலில் பீர்க்கங்காய் எல்லாம் உண்டு. இந்த வருடம் உருளைக்கிழங்கும் போட்டார்.

“ஊட்டியில விளையறது இங்க விளையுமா?” என்று பிளாக்கே சிரித்தது.

“பனி மாசத்துல விளையும். பாத்துக்கிட்டே இருங்க” என்றார் அங்கிள்.

முளைவிட்ட கிழங்கை, துண்டுக்கு ஒரு முளை இருக்கிற மாதிரி வெட்டியதும் நட்டதும் யார்? நானும் நந்தினியும். செடி உயர உயர அடியில் மண் அணைத்தது யார்? அதுவும் நாங்கள்தான்.

ஒருநாள் அங்கிள் எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். செடியைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் மண்ணைப் பறித்து, விரலை விட்டுத் தடவினால் கிழங்கு தட்டுப்படும். அவருடைய கை பெரிசு, உள்ளே போகவில்லை. நந்தினிக்கு மண்புழு என்றால் பயம். நான் கையை விட்டேன். கோலிக்குண்டு அளவில் ஒரு கிழங்கு கிடைத்தது.

“சபாஷ்! கெட்டிக்காரக் கை!” என்றார் அங்கிள்.

அந்தக் கெட்டிக்காரக் கையைத்தான் அப்புறம் திருட்டுக் கை ஆக்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழங்கு எடுக்க நாள் குறித்திருந்தார். எங்கள் வகுப்புத் தமிழ்மாறனும் சுதாகரும் வேடிக்கை பார்க்க எங்களோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்துவிட்டார்கள். நாலு பைகளையும் வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினோம்.

அங்கிள் முதல் செடியைப் பிடுங்கினார். அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் வேர்தான். இரண்டாவது செடியைப் பிடுங்கினார். அதிலும் இல்லை. வரிசையாக ஏழெட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார். எல்லாம் காலி!

“கிழங்கு வச்சிருந்துச்சே! கண்ணால பாத்தேனே!” என்று கத்தினார் அங்கிள். “யாரோ பக்கத்துல கைய விட்டு எடுத்திருக்காங்க. செடிய அப்படியே நிக்க விட்டுட்டு, கிழங்க மட்டும் எடுத்திருக்காங்க.”

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார்.

“இசை, உன் பைய எடுத்துட்டு வா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்து வந்தேன். வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். புத்தகம், பென்சில், சாப்பாட்டு டப்பா எல்லாம் மண்ணில் விழுந்தன. டப்பாவின் மூடி திறந்துகொண்டது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மத்தியானம் நான் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு வறுவல்!

தமிழ்மாறன் விசில் அடித்தான். சுதாகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“அது கடையில வாங்குனது அங்கிள்! உங்க செடியில என்ன, வறுத்த கிழங்கா காய்க்குது?” என்றேன்.

அங்கிள் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மற்ற மூன்று பைகளும் படியிலேயே இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. நந்தினி என்ன செய்தாள்? நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அம்மா வந்ததும் சைக்கிளில் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

“நாளைலேர்ந்து அந்த வூட்டுக்குப் போவாத. பார்க்குல என் கூடவே குந்திக்கினு இரு” என்றாள்.

“நான் ஏம்மா போகாம இருக்கணும்? எடுத்தவங்கதானே போகக் கூடாது? நான் போகலேன்னா நான்தான் எடுத்தேன்னு ஆயிடாதா?”

அம்மா மறுபடி சைக்கிளை மிதித்தாள். அவளுக்கும் கோபம்தான். சைக்கிள் போன வேகத்திலேயே தெரிந்தது.

நான் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். கையை விட்டு எடுத்தால் மண்ணைப் பறிக்க வேண்டும். பறித்த இடம் தெரியாமல் போகுமா? ஆனால் அங்கிள் பிடுங்குவதற்கு முன்னால் அந்த மண் எப்படி இருந்தது? முந்தின நாள் நான் பூவாளியில் ஊற்றிய தண்ணீர் காய்ந்து, மேலே ஏடு கட்டியிருந்தது. அந்த ஏட்டில் ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை.

மேலேயிருந்து யாரும் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்தும் எடுக்கவில்லை. அப்படியென்றால் கீழேயிருந்து!

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவோடு பார்க்குக்குப் போனேன்.

“அம்மா, ஒரே ஒரு தடவை நந்தினி வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்” என்றேன்.

“தனியாவா?”

“தப்பு பண்ணாதவ தனியா போனா என்னம்மா?”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “போய்ட்டு வா” என்றாள்.

நான் நந்தினி வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். நந்தினி ஓடி வந்தாள்.

“நேத்து ஏன்டி வாயே திறக்கல?” என்று கேட்டேன்.

“அப்பா கோபமா இருந்தாரு. எனக்குப் பயமா இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் பயமா இல்லையா?”

நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

“அழுதது போதும். போய் மண்வெட்டிய எடுத்துட்டு வா” என்றேன்.

அங்கிள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் தோட்டத்துக்குப் போனோம். செடி பிடுங்கிய இடத்தில் விரலை விட்டேன். உள்ளே பொதபொதவென்று போனது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். குடுகுடுவென்று இறங்கி, இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. அடியில் பொந்து இல்லாமல் இவ்வளவு தண்ணீர் எங்கே போகும்?

“இதோட வாய் எங்கயாவது இருக்கணும். தேடு” என்றேன்.

பீர்க்கங்காய்ப் பந்தலுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, புதுமண் குவிந்து கிடந்தது. அதை விலக்கினால் ஒரு சொம்பு நுழைகிற அளவில் வளை! அதிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

அவ்வளவுதான். ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். பூனைக்குட்டி அளவில் ஒரு பெருச்சாளி, நனைந்த உடம்போடு குபீரென்று வெளியே பாய்ந்தது. நந்தினி போட்ட அலறலில் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த தமிழ்மாறனும் சுதாகரும் ஓடி வந்துவிட்டார்கள்.

அங்கிளும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். “என் பாத்திய நோண்டறது யாரு?” என்று கத்தினார்.

பெருச்சாளி நேராக அவரைப் பார்த்துத்தான் ஓடியது. மைன்ஸில் அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிறவர், “ஐயோ!” என்று ஒரே தாவலில் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறிவிட்டார். பெருச்சாளி கல்லைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குள் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இது சிரிக்கிற நேரம் இல்லை.

“எங்க ஊருப் பக்கம் நெல்லு அறுத்ததும் எலி வளைய வெட்டுவாங்க அங்கிள். எலி சேத்து வச்ச கதிரெல்லாம் உள்ள இருக்கும். எலி நெல்லச் சேத்து வச்சா, பெருச்சாளி கிழங்கச் சேத்து வைக்காதா?” என்று கேட்டுக்கொண்டே வளையை வெட்டினேன்.

முதலில் வெறும் மண்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். உருண்டு வந்தது ஒரு உருளைக்கிழங்கு! அதன் பின்னால் இன்னொன்று. நந்தினி கையை விட்டு, ஆமாம், மண்புழுவுக்குப் பயப்படாமல் கையை விட்டு, அள்ளி அள்ளிப் போட்டாள். பாதிக் கிழங்கில் பல் பட்ட தழும்பு இருந்தது.

அங்கிள் கல்லிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெருச்சாளி வேலையா! நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். நல்ல கிழங்கா பாத்து எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோம்மா” என்றார்.

“எனக்குக் கிழங்கு வேணாம் அங்கிள்.”

“வேற என்ன வேணும்?”

“நேத்து நாலு பை இருந்துச்சு. என் பைய மட்டும் ஏன் தொறந்தீங்க?”

அங்கிள் தொண்டையைச் செருமினார். “அது வந்து… உன் கை சின்னக் கை… அதான்…”

“சுதாகர் கை என் கையவிடச் சின்னது.”

சுதாகர் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“எங்கிட்டயும்தான் நீங்க அந்த வித்தைய சொல்லிக் கொடுத்தீங்க அப்பா” என்றாள் நந்தினி. குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள். என் கோபத்தில் பாதி அப்போதுதான் இறங்கியது.

அங்கிள் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“உங்க அம்மா எந்த பார்க்குல இருக்காங்க?” என்று கேட்டார்.

அவர் முன்னால் நடக்க, நாங்கள் நாலு பேரும் பின்னாலேயே போனோம். பார்க்கில் அம்மாவும் இன்னும் சிலரும் உதிர்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து உங்க பொண்ணு பைய நான் தொறந்து பாத்துட்டேன். தப்பு பண்ணிட்டேன்மா” என்றார் அங்கிள்.

அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “எங்கிட்ட சொல்றீங்க. அவகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். என் உயரத்துக்குக் குனிந்தார்.

“இசை, நாலு பையில உன் பைய மட்டும் எடுத்தது என் தப்பு. என்னை மன்னிச்சுக்கோ.”

“பரவாயில்லன்னு சொல்லுடி” என்று நந்தினி என் காதில் கிசுகிசுத்தாள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்குத்தான் பரவாயில்லை என்று தோன்றவில்லையே!

“இனிமே யார் பையையும் இப்படித் தொறக்காதீங்க அங்கிள்” என்றேன்.

“சரிம்மா” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். தமிழ்மாறன் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது. அதனால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அங்கிள் நிமிர்ந்து நின்று, பார்க் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.