வெறுங்கால் நிமிடம்

ஆட்டம் தொடங்க மூன்று நிமிடம் இருக்கும்போது எஸ்தர் நாகாவா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பாள். இரண்டையும் கோட்டுக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், புல்லின் ஈரம் உள்ளங்காலில் ஏறும். சென்னை பக்கிங்காம் மகளிர் கால்பந்து அணியின் மற்றப் பத்துப் பேரும், எதிரணியும், நடுவரும் அப்படியே செய்வார்கள். மேலே காலரியில் நாற்பதாயிரம் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள். ஒரு நிமிடம் மூச்சுவிடும் சத்தம்கூட இருக்காது. பெரிய பலகையில் எண் ஏறும்: 99.7 சதவீதம். பிறகு விசில்.

அந்த எண் எப்போதும் 99.7 அல்லது 99.8 தான். காலரியின் தரை முழுக்க உணர்தளம் பதித்திருந்தார்கள். யார் வெறுங்காலோடு நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வோர் இருக்கையாக அது எண்ணும். எழாதவருக்கு மூன்று ஆண்டுகள் எந்த ஸ்டேடியத்திலும் நுழைவு கிடையாது. நிற்க முடியாதவர்கள் முன்கூட்டியே விலக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மிச்சமுள்ள அந்தச் சொச்சம் அவர்கள்தான்.

எல்லாம் எஸ்தர் செய்த வேலை. பதினாறு வருடத்துக்கு முன், பத்தொன்பது வயதில், அவள் கார்னர் அடிக்கப் போனபோது காலரியிலிருந்து குரங்குச் சத்தம் எழுந்தது. கூடவே ஒரு செருப்பும் வந்து தோளில் விழுந்தது. அவளுடைய தாத்தா உகாண்டாவிலிருந்து படிக்க வந்து வியாசர்பாடியில் தங்கிப்போனவர். அப்பா பிறந்தது அங்கே, அவள் பிறந்ததும் அங்கேதான். எந்த ஊர்க் குரங்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. அவள் அந்தச் செருப்பை எடுத்துக் கோட்டருகே வைத்தாள், தன் பூட்ஸைக் கழற்றினாள், வெறுங்காலோடு அதன் பக்கத்தில் நின்றாள். எறிந்தவன் வந்து எடுத்துப் போகட்டும் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் நாடெங்கும் வீராங்கனைகள் வெறுங்காலில் நின்றார்கள். அதற்கடுத்த வருடம் அது சட்டமானது. பிறகு செருப்பும் பறக்கவில்லை, குரங்கும் கத்தவில்லை. ஆனால் எஸ்தருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் நாற்பதாயிரம் முகங்களைப் பார்த்து, இதில் அந்தச் செருப்பை எறிந்தவன் எங்கே நிற்கிறான் என்று தேடுவாள். எல்லோரும் ஒரே மாதிரி நின்றதால் எல்லோர்மேலும் சந்தேகம். கைகுலுக்க வருகிறவர்களிடம்கூட அவளால் மனம்விட்டுச் சிரிக்க முடியவில்லை.

அவளுடைய அப்பா சைமன் அந்தச் செருப்பு விழுந்த நாளுக்குப் பிறகு ஸ்டேடியம் பக்கமே வந்ததில்லை. "பயத்துல கழட்றான் எஸ்தரு. பயத்துல நிக்கிறவன் மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார். இன்று அவளுடைய இருநூறாவது ஆட்டம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். கிழக்குக் காலரியில், எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் எண் காட்டும் பலகை அணைந்தது.

கேப்டன் எஸ்தரின் காதிலிருந்த செவிப்பொறியில் உணர்தளப் பொறுப்பாளர் தணிகாசலத்தின் குரல் பதறியது. "எஸ்தரு, மழைத் தண்ணி உள்ள எறங்கிடுச்சும்மா. சென்சார் மொத்தமும் படுத்துடுச்சி."

"எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"இருபது நிமிஷம். எண்ணலைன்னா ஜனங்களுக்கு எண்ணலைன்னு சொல்லியாகணும், அது சட்டம். சொல்லிட்டு ஆட்டத்தத் தள்ளி வெச்சிடலாம். ரெண்டு கேப்டனும் சரின்னா தொடங்கலாம்தான். ஆனா நீ ஒத்துக்காத."

எதிரணிக் கேப்டன் தோளைக் குலுக்கினாள். எஸ்தர் எட்டாவது வரிசையைப் பார்த்தாள். இத்தனை வருடம் கழித்து வந்த மனிதர் முன்னால் நாற்பதாயிரம் பேரும் உட்கார்ந்தே இருந்துவிட்டால்? ஆனால் இன்று தெரியாவிட்டால் இனி என்றைக்குமே தெரியாது.

"எண்ண வேணாம்ணா. சொல்லிட்டுத் தொடங்குங்க."

"எம்மா..."

"சொல்லுங்கண்ணா."

ஒலிபெருக்கி அறிவித்தது: இன்று எண்ணிக்கை இல்லை. எஸ்தர் குனிந்தாள். நான்கு நொடியில் அவிழும் கயிறு இன்று அடம்பிடித்தது. நிமிர்ந்தபோது காலரி சலசலத்துக் கொண்டிருந்தது. பத்து நொடி போனது, யாரும் எழவில்லை. யாரோ சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மேற்குக் காலரியில், பதினாறு வருடம் கழித்து, ஒரு குரங்குச் சத்தம் கேட்டது.

"டேய், வாய மூட்றா!" என்று ஒரு பெண்குரல் அங்கிருந்தே சீறியது. மடியிலிருந்த குழந்தையைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு ஒருத்தி எழுந்தாள். பக்கத்து ஆளும் குழந்தையோடு எழுந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு வரிசை வரிசையாக, முணுமுணுத்துக்கொண்டும் செருப்பைத் தேடி ஒதுக்கிக்கொண்டும் எழுந்தார்கள். வழக்கமான ஒழுங்கு இல்லை. ஒரே இரைச்சல். சிலர் எழவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் பேர் இருக்கலாம், இரண்டாயிரமும் இருக்கலாம்.

எஸ்தர் அவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவுதானா? இவர்களுக்காகவா மற்ற எல்லோரையும் இத்தனை வருடம் சந்தேகப்பட்டேன்? நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது போலிருந்தது. அழுதாள். அணித் தோழிகள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அவளே ஒரு பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்துப் புண்ணியம் கட்டிக்கொண்டாள்.

வெளிவாசலில் அப்பா வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"செருப்பு எங்கப்பா?"

சைமன் குனிந்து காலைப் பார்த்தார். "அட, கழட்டினேன்... மாட்டினேனான்னு ஞாபகம் இல்லியே."

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தடித்த ஆள் அவர்களை நோக்கி ஓடிவந்தான். தூக்கிப் பிடித்த கையில் செருப்பு. எஸ்தர் யோசிக்காமலே அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா! ஐயா! செருப்ப வுட்டுட்டு வந்துட்டீங்களே!" அவனுக்கு மூச்சு வாங்கியது. குனிந்து இரண்டையும் அப்பாவின் காலருகே ஜோடியாக வைத்தான். "பக்கத்து சீட்டு நானு. எவ்ளோ கத்தறேன், திரும்பிப் பாக்கவே மாட்டேன்றீங்க." பிறகு எஸ்தரை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்மா, அது ஒரு பெனால்ட்டியா? எங்க வூட்டுப் பாட்டி அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்!"

பதினாறு வருடத்தில் எந்த ரசிகனும் அவளை இப்படித் திட்டியதில்லை. எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சைமன் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அடுத்த மேட்ச் என்னிக்கு?" என்று கேட்டார்.