வியாழக்கிழமை பதினாலு வாட்

ஞாயிறு, காலை 7.10.

வாட்டுக்காரர் டிவியைப் போட்டு மகளின் ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. மூடித் திறந்தார். அப்போதும் ஒன்றுமில்லை. மகள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் பத்தொன்பது வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்த வாரம்வரை எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

8.40.

திருப்புளி அக்கா தன் பையோடு வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள், கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. செருப்பைக் கழற்றுவதற்குள் வாட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"இவன்தாம்மா! எந்நேரமும் படமா இறக்கித் தள்ளுறான். இடம் பத்தலைன்னு என் பொண்ணை அழிச்சிட்டான். இன்னைக்கே இவன் இந்த வீட்டை விட்டுப் போகணும்."

"நான் தொடலப்பா," என்றான் சுவரோரம் நின்ற மகன். இருபத்து மூன்று வயது, முகம் வெளுத்திருந்தது.

"என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றியா? போடா வெளிய!"

அவர் மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடேயப்பா, வந்ததும் வராததுமாக இது என்ன பஞ்சாயத்து என்று திருப்புளி அக்காவுக்கு இருந்தது. பேச்சை வளர்க்காமல் நேரே மெஷினிடம் போனாள். டிவிக்குப் பக்கத்தில், வீட்டு வீடியோக்களையெல்லாம் சேமித்து வைக்கும், ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. உள்ளே சூடு தணிக்கும் காத்தாடி கிடையாது, சத்தம் கிடையாது.

வாட்டுக்காரர் தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவு சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் எத்தனை வாட் என்று கேட்பதால் வந்த பெயர் அது; குளியலறை விளக்கு வீணாக எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வியாபாரம் செய்யும் மச்சான் பெரிய மெஷினாகச் சொன்னான். தொண்ணூறு வாட் என்றதும் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். இந்தக் குட்டிப் பெட்டியில் டிஸ்க் இரண்டும் ஓடும்போது பதினாலு வாட். இருபது நிமிடம் வேலையில்லாவிட்டால் தானே தூங்கிவிடும், அப்போது ஆறு வாட். வேறு வீட்டில் இன்னொரு நகல் வைக்கலாமே என்று மச்சான் கெஞ்சினான். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கிறதே, மூன்றாவது தண்டம் என்று சொல்லி, போனில் இருந்தவற்றையும் அழித்துவிட்டார். ஒன்றில் எழுதுவதை மற்றதும் அப்படியே எழுதும், ஒன்றில் அழிப்பதை மற்றதும் அப்படியே அழிக்கும் என்பது அந்தக் கெட்டிக்கார மனிதருக்குத் தோன்றவே இல்லை.

பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே வாட் காட்டும் ஒரு சின்ன மீட்டர். அதன் கீழே நூல் கட்டித் தொங்கிய நோட்டு.

"இது என்ன சார்?"

"காலை ஏழு, சாயங்காலம் ஏழு. தினமும் மீட்டரைப் பாத்து எழுதிடுவேன்."

அவள் ஒரு வாரத்துப் பக்கத்தை வாசித்தாள். பிறகு டிஸ்க்குகளைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள்.

9.30.

"வீடியோவெல்லாம் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"போன ஞாயிறு. மத்த நாள் வேலைக்குப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தா படுக்கிற வரைக்கும் அவகூடத்தான்."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"வீட்டுல மூணு பேரு. அப்புறம் என் மச்சான்."

"மச்சான் எப்ப வந்தார்?"

"செவ்வாய். டீ குடிச்சிட்டு அரை மணி நேரத்துல கிளம்பிட்டான்."

"தம்பி, நீங்க?"

"வியாழன் விடியக்காலை அஞ்சு மணி பஸ்ல இன்டர்வியூவுக்குப் போனேங்க்கா. வெள்ளி ராத்திரிதான் வந்தேன்." டிக்கெட்டைக் காட்டினான்.

"நெட் ஒழுங்கா வருதா?"

இந்த முறை மனைவி பதில் சொன்னாள். "எங்க வருது? தெருவைத் தோண்டி கேபிளை அறுத்துட்டாங்க. புதன் மத்தியானம் போனது, வெள்ளி சாயங்காலம்தான் வந்துச்சு. வியாழக்கிழமை பகல் பூரா அந்தத் தோண்டுற சத்தத்துல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு."

"நீங்க வேலைக்குப் போறீங்களாக்கா?"

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்ஷன். இருபது வருஷமா."

திருப்புளி அக்கா லேப்டாப்பைப் பார்த்தாள். அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவளுக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சுவரோரம் ஒரு பையன் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்கிறான். வாயை மூடிக்கொண்டு போவது எப்படி?

10.15.

"சார், உங்க நோட்டை நீங்களே படிங்க. வியாழன் காலை?"

"ஆறு."

"சாயங்காலம்?"

"பதினாலு."

"வெள்ளி காலை?"

"பதினாலு. சாயங்காலம் ஆறு."

"பதினாலைப் பாத்து என்ன நினைச்சீங்க?"

"இவன் படத்தை இறங்கப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான்னு..."

"நெட்டே இல்லாம எந்தப் படம் சார் இறங்கும்?"

வாட்டுக்காரர் நோட்டின் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஒரு ஃபைலை அழிக்க ஒரு நொடி போதும். அப்படி அழிச்சிருந்தா பாதிக்கு மேல நான் மீட்டுக் குடுத்திருப்பேன். இது அப்படி இல்ல. ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு, டிஸ்க்குல மிச்சமிருந்த இடம் பூரா இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் பூஜ்யமா எழுதி மெழுகியிருக்கு. இந்தக் குட்டி மெஷினுக்கு அது முழுசா ஒரு நாள் வேலை. வியாழன் காலை ஏழு மணிக்கு மெஷின் தூங்குது. அதுக்கப்புறம்தான் யாரோ ஆரம்பிச்சிருக்காங்க. அப்ப தம்பி பஸ்ல. மச்சான் செவ்வாய்க்கிழமையே போயாச்சு. நெட் இல்லாததால வெளியில இருந்து யாரும் கை வைக்க முடியாது. நீங்க தொழிற்சாலையில." அவள் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தோண்டுற சத்தத்தைப் பகல் பூரா வீட்டுல இருந்து கேட்டவங்க ஒருத்தர்தான்."

மனைவி நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு லீவு போட்டேன். ஆஸ்பத்திரியில பழைய கம்ப்யூட்டரை ஏலத்துக்கு விடுறதுக்கு முன்னால, நோயாளிங்க விவரம் வெளிய போகக் கூடாதுன்னு இப்படித்தான் மெழுகுவோம். அது என் பொறுப்பு. சும்மா அழிச்சா யாராவது திருப்பிக் கொண்டுவந்துடுவாங்கன்னு தெரியும்."

"அம்மா!" என்றான் மகன்.

"அவளும் என் வயித்துல பொறந்தவதானே? நெஞ்சு வெடிச்சுத்தான் அந்த பட்டனை அழுத்தினேன். ஆனா இவன் உசுரோட இருக்கானே! போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பரீட்சையில தேறிட்டேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்ல வந்தான். இவர் டிவியில இருந்து கண்ணை எடுக்கல. அரை மணி நேரம் பக்கத்துல நின்னான் புள்ள. சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டான்."

திருப்புளி அக்கா அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "காலையில தம்பியைத் திட்டுறப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அவன் மூஞ்சியப் பாத்துப் பேசினாரு. திட்டத்தான் செஞ்சாரு. ஆனாலும் பாத்தாரே. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவர் கத்துவார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, ரெண்டு டிஸ்க்கையும் முழுசாப் பாத்துட்டியா?"

"நூறு இடம் பாத்தேன் சார். எல்லாம் பூஜ்யம்."

"நூறுதானே? மிச்சத்தையும் பாரு. எத்தனை நாள் ஆனாலும் சரி."

"ஒண்ணும் இருக்காது சார். நம்பிக்கையே வைக்காதீங்க."

"ஒரு ஓரத்துல, ஒரே ஒரு நிமிஷமாவது இருக்கும். நீ பாரு."

திருப்புளி அக்கா தேடலை ஓடவிட்டாள்.

மகன் சுவரை விட்டு வந்து அவர் தோளருகே நின்றான்.

"அப்பா, நான் அழிக்கலைன்னு இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது. கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

பையன் தள்ளி நின்றான். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினான். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். அம்மா கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். காலையில் போடா வெளியே என்று கத்திய மனிதர், அவன் போனதையே பார்க்காமல், திரையில் ஓடிய பூஜ்யங்களை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.